உடம்புக்குள் ஒரு ஒண்டுக் குடித்தனம்

ஆபீஸ் லிஃப்டில் ஏறியதும் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எதையோ மும்முரமாகத் தேடுகிற இளைஞரைப் பார்த்திருப்பீர்கள். சாவியைத் தேடுகிறார் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. சாவி அவருடைய மேஜை மேலேயே இருக்கிறது. மனிதர் சொறிந்துகொண்டிருக்கிறார். நாலாவது மாடியில் மானேஜர் ஏறினால் தேடல் சட்டென்று நிற்கும். ஆறாவது மாடியில் அவர் இறங்கியதும் விட்ட இடத்தில் தொடரும்.

பல்வலி என்றால் ஆபீஸ் பூராவும் வாயைத் திறந்து காட்டுகிறோம். முதுகுவலி என்றால் பக்கத்து ஸீட்காரர் தைலம் தருகிறார். இந்த இடத்துச் சமாச்சாரம் மட்டும் பரம ரகசியம். மொத்தம் மூன்று பேரிடம்தான் ஆலோசனை நடக்கும். ஒன்று, மெடிகல் ஷாப் பையன். அதுவும் கடையில் லேடீஸ் யாரும் இல்லாத சமயமாகப் பார்த்து, பிளாக் டிக்கெட் கேட்கிற குரலில். இரண்டு, ரூம்மேட். மூன்று, ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போன். மூவரில் ஒருவர்கூட சம்பந்தப்பட்ட இடத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமலே மூவரும் மருந்து சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இந்த வாரம் கூச்சத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டுப் பேசலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு அப்புறம் தனியாகப் படிக்கலாம். ஆட்சேபணை இல்லை.

ஈஸ்ட் என்றதும் நமக்கு பேக்கரி ஞாபகம் வரும். மலையாளக் கரையோரம் ஆப்ப மாவில் கொஞ்சம் கள்ளை ஊற்றுவார்களே, அந்தக் கள்ளில் பொங்குகிறதும் ஈஸ்ட்தான். காளான் வர்க்கத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் பிராணி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் இருநூறு பேர் வரிசையாக நிற்கலாம். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், உடம்பில் ஒரு மொட்டு விட்டு, அந்த மொட்டு தனியாகக் கழன்று இன்னொரு ஈஸ்ட் ஆகிவிடும். சர்க்கரையும் ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் போதும், குலம் தழைக்கும். மூன்றும் ஒருசேரக் கிடைக்கிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும். மே மாதம், மவுண்ட் ரோடு, இறுக்கமான ஜீன்ஸ், பைக் ஸீட்டில் ஒண்ணரை மணி நேரம்.

இந்த வர்க்கத்தில் நம் உடம்போடு அதிகம் வம்பு பண்ணுகிறவரின் பெயர் கேண்டிடா ஆல்பிகன்ஸ். 'கேண்டிடா' என்ற பெயரை 1923-ல் வைத்தவர் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் என்ற ஹாலந்துப் பெண்மணி. லத்தீனில் வெள்ளை வெளேர் என்று அர்த்தம். பண்டைய ரோமாபுரியில் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் சுண்ணாம்புப் பொடி போட்டு வெளுத்த வெள்ளை அங்கி அணிந்துதான் ஓட்டுக் கேட்க வருவார்களாம். வேட்பாளருக்கு இங்கிலீஷில் 'கேண்டிடேட்' என்று பெயர் வந்ததும் அதே வார்த்தையிலிருந்துதான். வெள்ளை உடுப்பு, இனிப்பைக் கண்டால் ஓடி வருவது, ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் நாற்காலியைக் காலி செய்ய மறுப்பது... ரோமாபுரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், இவர் வெளியூரிலிருந்து வந்து தொற்றிக்கொள்கிறவர் இல்லை. ஆரோக்கியமான ஆசாமிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் வாயிலும் குடலிலும் கேண்டிடா நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பழைய மயிலாப்பூர் ஸ்டோர் வீடுகளில் இருப்பது போல ஒண்டுக் குடித்தனம். அக்கம்பக்கத்துப் போர்ஷன்களில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். ஒரே குழாய், ஒரே முற்றம். அத்தனை பேர் நெருக்கியடிப்பதால்தான் ஈஸ்ட் தன் மூலையில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு சாதுவாக இருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. ஜலதோஷம் வைரஸ் சமாச்சாரம். ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. இருந்தாலும் கடைக்காரரிடம் 'பவரா ரெண்டு குடுங்க' என்று கேட்டு, அஞ்சு நாளைக்கு விழுங்குகிறீர்கள். ஜலதோஷம் அது பாட்டுக்குத் தானாகப் போய்விடும். உள்ளே என்ன நடக்கிறது? பாக்டீரியா குடித்தனக்காரர்களெல்லாம் ஒரேயடியாகக் காலி. ஆன்டிபயாடிக் ஈஸ்ட்டைத் தொடாது. மறுநாள் காலையில் பார்த்தால் ஸ்டோர் பூராவும் ஈஸ்ட்டின் வேட்டி காய்கிறது. அதோடு விடுவதும் இல்லை. அதுவரை உருண்டையாக இருந்தது, வசதி கண்டதும் நூல் நூலாக நீண்டு தோலுக்குள்ளும் வாயின் சவ்வுக்குள்ளும் வேர் விட ஆரம்பிக்கும். அரிப்பு, எரிச்சல், சிவப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

*

ஆண்களுக்கு இது வருகிற விதத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆணுறுப்பின் நுனி சிவந்து போகும். முன்தோலுக்கு அடியில் தயிர் திரிந்தது போல வெள்ளையாகப் படியும். அரிக்கும். சில பேருக்கு முன்தோலில் சின்னச் சின்ன வெடிப்புகள் விழுந்து, சிறுநீர் பட்டால் எரியும். உடனே நம் ஆசாமி என்ன நினைப்பார்? போன வருஷம் கோவா போனதை நினைப்பார். அல்லது கோவா போகாததை நினைத்து, 'போகாமலே வந்துடுச்சே!' என்று நொந்துகொள்வார். சர்க்கரையை மட்டும் நினைக்கமாட்டார்.

நினைக்க வேண்டும். நீரிழிவு இருக்கிறது என்பதே தெரியாத எத்தனையோ ஆண்களுக்கு அதன் முதல் தந்தி இந்த அரிப்புதான். ரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவுக்கு மேல் போனால் சிறுநீரில் வழிகிறது. ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டு அங்கேயே தங்குகிறது. ஈஸ்ட்டுக்கு வாசலிலேயே பாயசம். கிரீம் தடவினால் அடங்கும். பத்து நாளில் திரும்பி வரும். பாயசம் நிற்காதவரை விருந்தாளி போகமாட்டார்.

'எனக்கு முப்பது வயசுதானே ஸார், சுகராவது ஒண்ணாவது!' என்று சொல்லாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் பத்து கோடிக்கு மேல். அத்தனை பேரும் பார்க்கில் வாக்கிங் போகிற தாத்தாக்கள் இல்லை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு தடவை பரிசோதித்து நீரிழிவுதான் என்று உறுதி செய்வார்கள். பரிசோதனைக்கு ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் காசுகூட ஆகாது. தொடர்ந்து ரெண்டு தடவை அந்த இடத்தில் ஈஸ்ட் வந்தால், மூன்றாவது ட்யூப் வாங்குவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடுங்கள். கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட, அரிக்கும்போதே கண்டுபிடிப்பது எவ்வளவோ மலிவு.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டபாக்ளிஃப்ளோஸின், எம்பாக்ளிஃப்ளோஸின் என்று வாய் சுளுக்குகிற பெயர்களில் சில மாத்திரைகள் வந்திருக்கின்றன. கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் இவற்றின் வேலை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது பண்ணுகிற மருந்துகள். ஆனால் பாயசம் எந்த வழியாகப் போகிறது என்று யோசித்தால் பக்க விளைவு என்ன என்பது புரிந்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

*

அடுத்தது கல்யாணமானவர்களுக்கு. புதுசாக ஆனவர்கள் இரண்டு தடவை படிக்கவும்.

மனைவிக்கு வெள்ளைப்படுகிறது, தயிர்த் திப்பி மாதிரி, நாற்றம் அதிகமில்லை, ஆனால் தாங்க முடியாத அரிப்பு. அநேகமாக இது ஈஸ்ட்தான். பெண்களில் நாலு பேரில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. அத்தனை சகஜம். ஆனால் சில வீடுகளில் இதை வைத்து நடக்கிற விசாரணை இருக்கிறதே, துப்பறியும் சாம்பு தோற்றான்! 'எங்கிருந்து வந்தது?' என்று இவர் கேட்க, 'உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கும்' என்று அவள் சொல்ல, மாமியார் காதில் விழ, சம்பந்திகள் வரை போய்விடுகிறது.

இது எங்கிருந்தும் வரவில்லை. உள்ளேயே குடியிருந்த ஈஸ்ட்தான். கர்ப்பம், ஆன்டிபயாடிக், சர்க்கரை என்று ஏதோ ஒரு காரணத்தால் தலைதூக்கியிருக்கிறது. டாக்டர்கள் இதைப் பாலுறவு நோய்களின் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பாலுறவே அறியாத பெண்களுக்கும் வரும். புருஷனுக்கு அரிப்பு இல்லையென்றால் பொதுவாக அவருக்கு வைத்தியம்கூடத் தேவையில்லை. ஒரே ஒரு ஃப்ளூகனஸோல் 150 மில்லிகிராம் மாத்திரையில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு மட்டும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, உள்ளே வைக்கிற மருந்தை ஏழு நாள் தருவார்கள். ஆனால் வெள்ளைப்படுவதெல்லாம் ஈஸ்ட் இல்லை. நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் காரணம் வேறு. லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திராமல் கூடவே உள்ளே போங்கள்.

*

இதற்கெல்லாம் மருந்து வந்த கதை சுவாரஸ்யமானது. பாக்டீரியாவைக் கொல்ல 1940-களிலேயே பெனிசிலின் வந்துவிட்டது. பூஞ்சையைக் கொல்ல உருப்படியாக எதுவும் இல்லை. காரணம், பாக்டீரியா நமக்குத் தூரத்து அந்நியன். பூஞ்சை செல்லின் அமைப்பு நம்முடைய செல்லுக்குக் கிட்டத்தட்ட பங்காளி முறை. அதைக் கொல்கிற விஷம் நம்மையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இதைத் தீர்த்து வைத்தவர்கள் இரண்டு பெண்மணிகள். இருவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்பதைக் கவனிக்கவும். எலிசபெத் ஹேஸன் நியூயார்க் நகரத்திலும், ரேச்சல் பிரவுன் சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஆல்பனியிலும், நியூயார்க் மாகாண சுகாதாரத் துறையில் வேலை பார்த்தார்கள். ஹேஸன் ஊர் ஊராக மண் சேகரிப்பார். அந்த மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களை வளர்த்து, ஈஸ்ட்டைக் கொல்கிறதா என்று பார்ப்பார். கொன்றால் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு ஜாடியில் போட்டு, தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். ரேச்சல் பிரவுன் அதிலிருந்து மருந்துச் சரக்கை மட்டும் பிரித்தெடுத்து, மறு தபாலில் திருப்பி அனுப்புவார். இவர் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார். எலி செத்தால் அடுத்த ஜாடி. இரண்டு கிளை ஆபீஸ்களுக்கு நடுவே நடந்த கடிதப் போக்குவரத்தில் உலகத்துக்கு உபயோகமாக ஏதாவது வந்திருக்கிறதென்றால் அது இதுவாகத்தான் இருக்கும். தபாலில் ஒரு ஜாடி உடையவில்லையா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

கடைசியில் வர்ஜீனியாவில் தன் சிநேகிதர்களின் பண்ணையிலிருந்து ஹேஸன் எடுத்துவந்த மண்ணில் சிக்கியது. ஈஸ்ட் செத்தது, எலி பிழைத்தது. 1950-ல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். அதாவது ஆபீஸின் பெயரை! காப்புரிமை வகையில் வந்த பணம் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல். அந்த இரண்டு பேரும் அதில் தங்களுக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டுச் சம்பளத்தோடு இருந்துகொண்டார்கள். 1966-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் வெள்ளம் புகுந்து பழைய ஓவியங்களில் பூஞ்சை பிடித்தபோது, அதற்கும் நிஸ்டாட்டினைத்தான் தெளித்தார்கள்.

நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும். அதனால் வாய், தோல் ஆகியவற்றுக்குச் சரி. அதற்குப் பிற்பாடு ஜெர்மனியிலிருந்து க்ளோட்ரிமஸோல் வந்தது. இன்று தோல் மேல் வரும் ஈஸ்ட்டுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுகிற சாதாரண, விலை குறைந்த கிரீம் அதுதான். 1990-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஃப்ளூகனஸோல், விழுங்கக்கூடிய மாத்திரை. மருந்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பொறுமைக்குத்தான். மூன்றாம் நாள் அரிப்பு நின்றதும் ட்யூப்பை அலமாரி மேல் எறிந்துவிடுகிறோம். தோலுக்குள் மிச்சமிருக்கிற நாலு பேர் மொட்டு விட ஆரம்பிக்கிறார்கள். டாக்டர் ரெண்டு வாரம் என்றால் ரெண்டு வாரம்.

*

இப்போது வில்லன் வருகிறார். மெடிகல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்' என்று கிசுகிசுத்ததும் கையில் திணிக்கப்படுகிற கலவை ஆயின்மெண்ட். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே க்ளோபெட்டாஸோல் போன்ற கடுமையான ஸ்டீராய்டு, மூன்றும் ஒரே ட்யூப்பில். தடவின அன்றே சொர்க்கம். ராத்திரி தூக்கம் வருகிறது. 'ஆஹா, மருந்துன்னா இதல்லவா மருந்து' என்று ரூம்மேட்டுக்கும் சிபாரிசு செய்கிறீர்கள்.

நடந்தது என்ன? அரிப்பு என்பது உடம்பின் காவல்காரர் ஊதுகிற விசில். ஸ்டீராய்டு திருடனைப் பிடிக்கவில்லை; கூர்க்காவின் விசிலைப் பிடுங்கிக்கொண்டது. திருடன் நிம்மதியாகப் பக்கத்துத் தெருவுக்கும் போகிறான். தொடை இடுக்கில் ஒரு ரூபாய் அளவில் இருந்தது, ரெண்டு மாதத்தில் இடுப்பு வரை ஏறுகிறது. நிறுத்தினால் பத்து மடங்கு அரிக்கிறது, மறுபடி அதே ட்யூப். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, பிரசவித்த பெண்களின் வயிற்றில் விழுகிற மாதிரி கோடுகள் விழுந்துவிடும். அந்தக் கோடுகள் அழிவதில்லை. எந்த மருந்துக்கும்.

தொடை இடுக்கில் வருவதெல்லாம் ஈஸ்ட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாகப் பரவினால் அது படர்தாமரை. ஈஸ்ட் இல்லை, அதன் பங்காளி. வேறு வகைப் பூஞ்சை. அது பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். ஈஸ்ட் விடாது. நனைந்தாற்போல் சிவந்து, பெரிய கிரகத்தைச் சுற்றி உபகிரகங்கள் போல சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருந்தால் ஈஸ்ட். ஈஸ்ட் நம் சொந்தச் சரக்கு. படர்தாமரை துண்டு, ஜட்டி, படுக்கை வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரே கொடியில் எட்டு பேர் துண்டு காய்வதைப் பார்த்தால் படர்தாமரைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது புரியும்.

இந்தக் கலவை ட்யூப் கலாசாரம் நம் நாட்டுக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்திருக்கிறது. ஜப்பானில் ஒரு இந்தியருக்கும் ஒரு நேபாளிக்கும் வந்த படர்தாமரை, வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்கு மசியவில்லை. ஆராய்ந்து பார்த்து, இது புது இனம் என்று சொல்லி, 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். 'இண்டோ' யார் என்று விளக்க வேண்டியதில்லை. 2023-ல் நியூயார்க்கிலும் இரண்டு பேரிடம் கண்டுபிடித்தார்கள். கண்ட ஆயின்மெண்ட்டையும் அரைகுறையாகத் தடவியதுதான் இது இப்படிக் கொழுத்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று நம் தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு ஆயின்மெண்ட்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று 2018-ல் மத்திய அரசு விதி போட்டது. விதி இருக்கிறது. கிசுகிசுத்துக் கேட்கிற குரலும் இருக்கிறது. ட்யூப்பின் பெட்டியில் க்ளோபெட்டாஸோல், பீட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன் என்று ஏதாவது எழுதியிருந்தால், டாக்டர் சொல்லாமல் அதைத் தொடையில் தடவாதீர்கள். வாங்குமுன் பின்பக்கம் திருப்பிப் பார்க்க அஞ்சு செகண்ட் ஆகும்.

*

இன்னொரு ஈஸ்ட்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மலாஸீஸியா. இவருக்கு சர்க்கரை வேண்டாம், எண்ணெய்ப் பசைதான் ஆகாரம். எல்லோர் தோலிலும் இருக்கிறார். நெஞ்சிலும் முதுகிலும் தேமல், தலையில் பொடுகு, இரண்டிலும் இவர் கைவரிசை உண்டு. தேமல் ஒட்டுவாரொட்டி இல்லை. குஷ்டமும் இல்லை, குஷ்டத்தின் தழும்பில் தொடு உணர்ச்சி குறையும், தேமலில் குறையாது. பெண் பார்க்கப் போகிற அன்று கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வேர்த்து வழிகிற மாப்பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். கீட்டோகனஸோல் போன்ற மருந்துகளில் ஈஸ்ட் சில வாரத்தில் போய்விடும். ஆனால் போன நிறம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். 'மருந்து கேக்கல' என்று நினைத்து டாக்டரை மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொடுகு ஷாம்புவைப் போட்ட கையோடு கழுவினால் பிரயோஜனமில்லை; அஞ்சு நிமிஷம் ஊற விட வேண்டும். பொடுகு இருக்கிற தலையில் அரைப் பாட்டில் எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விடுவது, எதிரிப் படைக்கு நாமே சாப்பாடு அனுப்புகிற காரியம்.

*

செல்போனில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடினால் இன்னொரு பூதமும் வரும். 'உங்கள் களைப்பு, மறதி, தொப்பை, எரிச்சல், சோம்பல் எல்லாவற்றுக்கும் காரணம் உடம்பு முழுக்கப் பரவிய ஈஸ்ட்' என்று. காலையில் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, நூல் நூலாக இறங்கினால் உங்களுக்கு ஈஸ்ட் என்று ஒரு பரிசோதனை. எச்சில் என்றால் நூலாகத்தான் இறங்கும். காந்தி, புத்தர் துப்பினாலும் இறங்கும். பிறகு உள்ளே கழுவிவிட ஒரு பவுடர், விலை நாலு இலக்கத்தில்.

இந்தக் கதை புதுசு இல்லை. அமெரிக்காவில் வில்லியம் குரூக் என்ற டாக்டர் 1983-லேயே புத்தகம் போட்டார். ஏகப்பட்ட விற்பனை. களைப்பாக இருக்கிறதா, இனிப்பு பிடிக்குமா என்கிற ரீதியில் கேள்வித்தாள். திங்கட்கிழமை காலையில் எந்த ஆபீஸ் குமாஸ்தாவும் அதில் நூற்றுக்கு நூறு வாங்குவார். 1990-ல் அலபாமாவில் நாற்பத்திரண்டு பெண்களுக்கு நிஸ்டாட்டினையும் வெறும் போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்ணுறுப்பின் அரிப்புக்கு நிஸ்டாட்டின் கேட்டது. களைப்பு, மனச்சோர்வு வகையறாவுக்கு நிஸ்டாட்டினும் போலியும் ஒன்றுதான்! இட்லியில் ஈஸ்ட் இருக்கிறது என்று இட்லியைத் துறந்தவர்களும் உண்டு. பாவம், அது ஆவியில் வெந்து செத்துவிடுகிறது.

உடம்புக்குள் நிஜமாகவே ஈஸ்ட் பரவுவது உண்டு. அது ரத்தத்தில் போகும். ஐ.சி.யூ.வில், எதிர்ப்புச் சக்தி ஒடுங்கியவர்களுக்கு வரும். உயிர் போகிற விஷயம். அப்படிப்பட்டவர் செல்போனில் தேடிக்கொண்டிருக்கமாட்டார்.

ஒன்றே ஒன்றை மட்டும் அலட்சியம் பண்ணக்கூடாது. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினது போல வெள்ளை படிவது சகஜம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்களுக்கும் வரும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். வேறு எந்தக் காரணமும் இல்லாத இளைஞனுக்கு நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை படிந்து, விழுங்கினால் வலித்தால், அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம். 1981 ஜூன் 5-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு வெளியாயிற்று. எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் குறிப்பு. ஐந்து பேருக்குமே கேண்டிடா இருந்தது. இன்று ஹெச்.ஐ.வி.க்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம். அரசு ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். ரிசல்ட்டை ஊருக்குச் சொல்லமாட்டார்கள்.

*

'சரி, இப்ப என்னதான் ஸார் பண்றது?' என்கிறீர்கள்.

குளித்ததும் அந்த இடத்தைத் துண்டால் ஒற்றி நன்றாகக் காயவிட்டு, அப்புறம் உடுத்துங்கள். ஈர ஜட்டியை உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொள்ளலாம் என்கிற சிக்கனம் வேண்டாம். பருத்தி உள்ளாடை, கொஞ்சம் தொளதொளப்பாக. ராத்திரிக்கு நம் பாட்டன் பூட்டன் கண்டுபிடித்த லுங்கியை மிஞ்சின காற்றோட்டம் எந்தக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை. டெட்டால், பிளீச்சிங், பூண்டு, பெட்ரோல் என்று எதையும் அங்கே ஊற்ற வேண்டாம். பெட்ரோல் ஊற்றினவர்கள் உண்டு, சிரிக்காதீர்கள். சோப்பையும் அளவோடு.

ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலும், திரும்பத் திரும்ப வந்தாலும் தோல் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகிற அன்று மருந்து எதுவும் தடவாமல் போங்கள். இதுவரை தடவின ட்யூப்கள் அத்தனையையும், நசுங்கினது உள்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். டாக்டர் தோலை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உருண்டையும் நூலுமாக ஈஸ்ட்டா, வெறும் நூலாகப் படர்தாமரையா என்று அங்கேயே தெரிந்துவிடும். வலிக்காது. கூடவே சர்க்கரைப் பரிசோதனைக்கும் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள். டாக்டர்கள் கையெழுத்தை இத்தனை வருஷமாக நாம் படிக்கவில்லையா, நம் கையெழுத்தை ஒரு நாள் அவர் படிக்கட்டும்.